கொட்டாஞ்சேனையில் பழைய ஓட்டு வீடு வாடகைக்கு: எதைத் தட்டிப் பார்த்து எடுப்பது

கொழும்பு 13இல் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் நடுமுற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீட்டைக் கண்டதும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அழகில் மயங்கி அன்றைக்கே முற்பணத்தைக் கொடுக்கிறார்கள், அல்லது சுவரில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, ‘நூறு வருஷத்து வீடு, இது இடிந்து விழும்’ என்று திரும்பிப் போகிறார்கள். இரண்டும் அவசர முடிவு. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலானவை கட்டும்போது நன்றாகவே கட்டப்பட்டவை. அவற்றைக் கெடுத்தது கடந்த நாற்பது, ஐம்பது வருடத்துத் திருத்தவேலை. ஆகவே வீட்டின் வயதை விட்டுவிட்டு, அதற்குள் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்தக் கண்ணோடு பார்த்து எடுத்தால், கொழும்பில் இதைவிடக் குளிர்ச்சியான, காற்றோட்டமான குடியிருப்பு கிடைப்பது கஷ்டம்.

இந்தப் பகுதியின் பழமை வெறும் பேச்சு இல்லை. ஒல்லாந்தர் 1749இல் அடிக்கல் வைத்து 1757இல் திறந்த வூல்வெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் 1856இல் கட்டப்பட்டது. இன்று நாம் பார்க்கும் கருங்கல் திருப்பணி சேர் பொன்னம்பலம் இராமநாதன் காலத்தில், 1907க்கும் 1912க்கும் இடையில் நடந்தது. துறைமுகத்தின் அலைதடுப்புக்கு 1875இல் அடிக்கல் வைத்த பிறகு இங்கே கப்பல் வணிகமும் குடியிருப்பும் பெருகின. பிறகு வசதியானவர்கள் கறுவாத்தோட்டப் பக்கம் நகர, பெரிய வீடுகள் இரண்டாகவும் மூன்றாகவும் வெட்டப்பட்டு வாடகைக்குப் போயின. அந்த வெட்டுத்தான் இன்றைக்கு மின்சாரத்திலும் தண்ணீரிலும் வரும் பாதித் தலைவலிக்குக் காரணம். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் சுவர். பழைய சுவர்கள் கபொக் என்று இங்கே சொல்லும் செம்பூரான் கல்லாலோ செங்கல்லாலோ கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசியவை. ஒன்றரை அடி கனம் சாதாரணம். இந்தச் சுவருக்குக் கீழே ஈரம் தடுக்கும் படை கிடையாது. நிலத்து ஈரம் மேலே ஏறத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பகலில் காற்று வாங்கிச் சுவர் தானே காய்ந்துவிடும். பிரச்சினை எப்போது தொடங்குகிறது என்றால், யாரோ ஒருவர் ‘சுவர் உதிருதே’ என்று சுண்ணாம்பைக் கொத்திவிட்டு மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசி, அதன் மேல் எமல்ஷன் அடிக்கும்போதுதான். வழியை அடைத்ததும் ஈரம் அதற்கு மேலே ஏறுகிறது. நாலடி, ஐந்தடியில் வண்ணம் கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைப் பார்த்து இன்னும் மேலே சீமெந்து பூசுவார்கள். ஈரமும் இன்னும் மேலே போகும். குளியலறை ஓடு ஒட்டினாலும் இதே கதைதான்.

வீடு பார்க்கப் போகும்போது விரல் மொளியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். சுண்ணாம்புப் பூச்சு மந்தமான, மெத்தென்ற ஓசை தரும். சீமெந்து கணீரென்று கேட்கும். பூச்சு சுவரை விட்டுக் கழன்று நின்றால் உள்ளே வெற்றிடம் தெரியும், பறையில் தட்டியது போல. நகத்தால் கீறினால் சுண்ணாம்பில் கோடு விழும், சீமெந்தில் விழாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், ஓரடிக்கு ஓரடி பொலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடலாம். தாளுக்கும் சுவருக்கும் இடையில் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்குள் காற்றோட்டம் இல்லை. அடைத்த ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகும். சாவி கைக்கு வருவதற்கு முன் இதைச் செய்ய உரிமையாளர் மறுக்கமாட்டார். மறுத்தால் அதுவே ஒரு பதில்.

திருத்த நினைத்தால் சீமெந்தை முழுவதுமாகக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு வறண்ட பருவம் வெறுமனே காய விட்டு, பிறகு சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்துப் பூச வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் குறைந்தது இரண்டு வாரம் ஊற வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் நீறாத துகள் சுவரில் ஏறிய பிறகு பொங்கி, சின்னச் சின்னக் குழியாகத் தெறிக்கும். ஒரு தரத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது. பூசிய பிறகு ஒரு வாரம் சாக்கை நனைத்துத் தொங்கவிட வேண்டும். மேலே மூன்று மெல்லிய தரம் வெள்ளையடிப்பு, அவ்வளவுதான். இந்த வேலை தெரிந்த மேசன் பாஸ்மார் இன்று குறைவு. ‘கொஞ்சம் சீமெந்து சேர்த்தால் பிடிக்கும்’ என்று சொல்பவரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். மணலிலும் கவனம் வேண்டும்: கடல் மணலைக் கழுவாமல் கலந்தால் அதன் உப்பே சுவரை என்றென்றைக்கும் ஈரமாக வைத்திருக்கும்.

அடுத்தது கூரை. இங்கே உள்ளது பெரும்பாலும் கலிகட் ஓடு. பாசல் மிஷன்காரர் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பிறகு கள்ளிக்கோட்டைக்கும் பரவி, கப்பலில் கொழும்புக்கு வந்தது. பழைய ஓட்டைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத்தில் செய்த இடத்தின் பெயர் அச்சாகியிருக்கும். அந்த எழுத்தை வாசித்து வைத்துக்கொள்வது ரசனைக்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு அச்சுக்கும் பள்ளமும் பூட்டும் கொஞ்சம் வித்தியாசம். நீர்கொழும்புக்கு வடக்கே ஓடு செய்யும் வைக்கால் பக்கத்துப் புதிய ஓட்டை நடுவில் செருகினால் பல வேளைகளில் பூட்டு சரியாக விழாது. கால் அங்குல இடைவெளி போதும், மே மாதக் காற்று மழை அதற்குள் ஏறிவிடும். உடைந்ததுக்குப் பதிலாக இடிக்கும் வீட்டிலிருந்து அதே அச்சு ஓட்டை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கூரையின் ஒரு பக்கத்தை முழுவதும் புதிய ஓட்டுக்கு மாற்றி, அங்கே கழற்றிய நல்ல ஓட்டை மறுபக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஏறக்குறைய 150 ஓடு போகும். ஓடொன்று இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். ஆக ஒரு சதுரத்தில் 375 கிலோ, நனைந்தால் இன்னும் கூடும்.

அந்தப் பாரத்தைத் தாங்கும் மரம் பலா, தேக்கு, முதிரை என்று உயர்ந்த சாதியாகத்தான் இருக்கும். நடு உத்தரம் உளுத்துப்போவது அபூர்வம். உளுப்பது கைமரத்தின் நுனி, சுவருக்குள் புதையும் இடம். அங்கேதான் ஈரமும் கறையானும் சந்திக்கின்றன. ஏணி வைத்து ஏறி, பேனாக்கத்தி முனையால் அந்த நுனியைக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கைமரத்துக்கு வேலை இருக்கிறது. ஓடு தங்கும் ரீப்பையும் அதன் ஆணியும் அடுத்தவை. கடலும் துறைமுகமும் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் துருவேறி ரீப்பையையும் பிளந்துவிடும். மாற்றும்போது நாகம் (சிங்க்) பூசிய ஆணியையே கேளுங்கள்.

ஓட்டைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடு என்றால், எங்கள் கணிப்பில் பாதி மதிப்பு போய்விட்டது. பகல் இரண்டு மணிக்கு உள்ளே நின்றாலே காரணம் தெரியும். அதோடு, முன்பு ஓட்டின் பாரமே கூரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தது. சீற் இலேசானது, மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டாவிட்டால் பலத்த காற்று அப்படியே தூக்கிப் பார்க்கும். பழைய சீற்றைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம். கட்டாயம் என்றால் தண்ணீரால் நன்றாக நனைத்து, தூசு பறக்காமல் முழுச் சீற்றாக இறக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான இடம், இரண்டு கூரை சந்திக்கும் பள்ளத்துப் பீலி. தொடர்வீடுகளில் பக்கத்து வீட்டுத் தண்ணீரும் உங்கள் பீலியில்தான் விழும். அதில் ஒரு அரசங்கன்று முளைத்தால் போதும், இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே திரும்பி, நடுச்சுவர் முழுக்க நனையும். நுளம்பும் அங்கேதான் பெருகும். முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை பீலியைப் பார்க்க வேண்டும். டெங்குப் பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முற்றத்துப் பூச்சட்டியோடு நிற்காமல் மேலேயும் பார்ப்பார். அகலப் பீலியும் சரிவும் சரியாக இருந்தால் நடுமுற்றம் ஒரு வரம். குறுகிய பீலியோடு இருந்தால் ஐப்பசி கார்த்திகையில் விறாந்தைக்குள் தண்ணீர் நிற்கும். கூரை வேலை எதுவானாலும் தை முதல் மாசி வரைக்குள் முடித்துவிடுங்கள். கொழும்பில் ஓடு திறந்து வைக்கத் துணியக்கூடிய காலம் அதுதான்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு மீற்றரில் இரண்டு மூன்று குடும்பம் ஓடும் வீடுகள் இங்கே நிறைய. இது நியாயமில்லாத செலவு. வீட்டுப் பாவனைக் கட்டணம் அலகு கூடக் கூட விலை ஏறும் படிமுறையில் போகிறது. தனித்தனியே மாதம் 60 அலகு பாவிக்கும் மூன்று குடும்பம் ஒரே மீற்றரில் 180 அலகாகிவிட்டால், எல்லோரும் மேல்படி விலையைக் கட்டுகிறார்கள். உரிமையாளர் நடுவில் ஒரு உப மீற்றர் போட்டுப் பிரித்தாலும் அந்த நட்டம் போகாது. தண்ணீர்க் கட்டணத்துக்கும் இதே கணக்குத்தான். தனி இணைப்பு இல்லாத வீட்டுக்கு வாடகையைக் குறைத்துப் பேசுங்கள்.

இணைப்பு தனியாக இருந்தாலும் அளவைப் பாருங்கள். சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர். 230 வோல்ட்டில் அது 6,900 வோட். உடனடிச் சுடுநீர்க் குழாய் 3,500, இரண்டு ஏசி சேர்ந்து 2,200, கேத்தல் 2,000, அயன் 1,000 என்றால் 8,700 ஆகிவிடும். காலை ஆறரைக்கு எல்லாம் ஒன்றாக ஓடினால் பிரதான சுவிட்ச் விழும். அதைவிட ஆபத்து பழைய வயர். மரக் கேசிங்குக்குள் துணி சுற்றிய ரப்பர் வயர் இன்னும் இருந்தால் அந்த ரப்பர் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். வட்ட முனைச் சொக்கெட் நிறைய இருந்தால் சந்தேகப்படுங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று வீடு பார்க்கும் அன்றைக்கே பாருங்கள். மழை இரவில் மட்டும் ட்ரிப் விழுகிறது என்று முன்பு இருந்தவர்கள் சொன்னால் ஈரச் சுவருக்குள் வயர் கசிகிறது. அப்போது ட்ரிப் சுவிட்சை மாற்றுவது தீர்வு இல்லை. அந்த வயரைச் சுவருக்கு வெளியே பிவிசி கேசிங்கில் புதிதாக இழுக்க வேண்டும்.

தண்ணீர் விடயத்தில் குழாய் அழுத்தம் மேட்டில் ஒரு மாதிரியும் சரிவில் ஒரு மாதிரியும் இருக்கும். காலை ஏழு மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். பகல் பதினொரு மணிக்குப் பார்ப்பதில் பயனில்லை. நாலு பேருக்கு நாளொன்றுக்கு 500 லீற்றர் வைத்துக்கொண்டால், 1,000 லீற்றர் டாங்கி இரண்டு நாளுக்குப் போதும். ஆனால் நிரம்பிய அந்த டாங்கி ஒரு தொன். அதைப் பழைய சுவரின் மேலோ கூரை மரத்தின் மேலோ ஏற்றியிருந்தால் அந்த வீட்டில் விரிசல் எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. நிலத்திலிருந்து தனி இரும்புத் தாங்கி போட்டு வைப்பதே முறை.

மலசலகூடம் வீட்டின் கடைக்கோடியில் இருப்பதைக் குறை என்று எண்ண வேண்டாம். வாளிக் கக்கூஸ் காலத்தில் பின் ஒழுங்கையால் வந்து எடுத்தார்கள், அதனால் அங்கே கட்டினார்கள். பிறகு அதே இடத்தில் குழாய் வந்தது. கொழும்பின் கழிவுக் குழாய் வலையமைப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. வீட்டுக்குள் இருந்து அதில் போய்ச் சேரும் மண்குழாயும் பல இடங்களில் அதே வயது. மூன்று வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். தங்கி நின்று மெல்ல இறங்கினால் வேரோ கொழுப்போ அடைத்திருக்கிறது. மழைக்குப் பின் மேன்ஹோல் பொங்குகிறது என்றால் யாரோ கூரைத் தண்ணீரைக் கழிவுக் குழாயில் விட்டிருக்கிறார்கள். அதைக் கழற்றாமல் கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பௌசரை எத்தனை தடவை அழைத்தாலும் பொங்கும்.

தரை பற்றி ஒரு வார்த்தை. சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தால் அதன் மேல் ஓடு ஒட்ட விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை சிவப்புப் பொலிஷ் மெல்லியதாகப் பூசி, பொச்சு மட்டையைக் காலால் மிதித்துத் தேய்த்தால் முகம் தெரியும். வெறுங்காலோடு நடந்தால் சித்திரை வெயிலிலும் குளிரும். அந்தச் சுகத்துக்கு ஈடு இல்லை.

இனிக் காகிதம். இதில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பலத்த பாதுகாப்புக் கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் இன்றும் வாடகைக்குக் கொடுக்கத் தயங்குவதும், பெரிய முற்பணம் கேட்பதும், பதினொரு மாதத்துக்கு மேல் எழுத விரும்பாததும் பெரும்பாலும் அந்தப் பயத்தின் எச்சம். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் அது ஒரு வருடத்துக் குத்தகையாக நிற்காது.

உரிமையாளர் யார் என்பதையும் பாருங்கள். தாத்தா பெயரில் உள்ள உறுதி, பிரிக்கப்படாத பங்கு, பங்காளிகளில் இரண்டு பேர் கனடாவில் என்பது இங்கே சர்வசாதாரணம். உங்களோடு பேசுபவரிடம் மற்றவர்களின் அற்றோர்னித் தத்துவம், அதாவது அவர்கள் சார்பில் கையெழுத்திட எழுதிக் கொடுத்த அதிகாரம், இருக்க வேண்டும். உரிமை யாருடையது என்பது காணிப் பதிவகத்தில் தேடுதல் எடுத்தால் தெரியும். மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்: ஆண்டு வரியை தை மாதத்துக்குள் கட்டினால் பத்து வீதம் கழிவு கிடைக்கும், ஒழுங்கான உரிமையாளர் அதை விடமாட்டார். காலாண்டு காலாண்டாக நிலுவை சேர்ந்திருந்தால் வீட்டுத் திருத்தமும் அப்படித்தான் நடக்கும்.

பிள்ளையை முதலாம் தரத்துக்கு அரசாங்கப் பாடசாலையில் சேர்க்க வேண்டியவர்கள் இதில் இன்னும் கவனம். பாடசாலைக்கு அருகில் குடியிருப்போருக்கான அண்மைப் பிரிவில் தூரத்தோடு, முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவுக்கும், வதிவிடத்தை நிரூபிக்கும் பத்திரங்களுக்கும் புள்ளி உண்டு. ‘வாக்காளர் பதிவு மட்டும் வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையாளரின் வீட்டில் ஐந்து வருடம் இருந்தாலும் வாக்காளர் பதிவுக்கான புள்ளி கிடைக்காது. முற்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள், கொடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சுற்றுப்புறத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கோயில் மணி, தேவாலய மணி, பாங்கு எல்லாம் விடியற்காலையில் கேட்கும். அதைத் தொந்தரவு என்று எண்ணுபவர்களுக்கு இந்த இடம் சரிவராது. 176ஆம் இலக்க பஸ் ஹெட்டியாவத்தையிலிருந்து தெஹிவளைப் பக்கம் போகும், 155 மட்டக்குளியிலிருந்து தெற்கே போகும். கார் வைத்திருப்பவர்களுக்கு ஒழுங்கைகள் சோதனைதான். யூன் 13 அந்தோனியார் திருநாளுக்கும் ஆடிவேல் தேர் புறப்படும் நாளுக்கும் வாகனத்தை முதல் நாளே வெளியே எடுத்து வைக்க வேண்டும். கொள்கலன் லொறி ஓடும் வீதியோரத்து வீடு வேண்டாம். அதிர்வில் ஓடு நகரும், தூசியும் ஓயாது. ஒரு வளைவு உள்ளே தள்ளி எடுங்கள்.

தொடர்வீட்டுக்காரர் ஒன்றை மறக்கக் கூடாது. நடுச்சுவர் பல வீடுகளில் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடும். மேலே கூரைக்குள் நாலைந்து வீட்டுக்கு ஒரே வெளி. எலி, மரநாய், நெருப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். சுவர் ஓடுவரை போகாவிட்டால், அதை இலேசான கல்லால் அடைத்துத் தருவதையும், கைமரம், பள்ளத்துப் பீலி, பிரதான வயர் மூன்றும் உரிமையாளர் செலவு என்பதையும், உடைந்த ஓடும் பீலி துடைப்பும் குடியிருப்பவர் செலவு என்பதையும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தோடு, அன்றைக்கு எடுத்த சுவர், கூரைப் படங்களிலும் இரண்டு பேரும் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள்.